வயதான நாயின் இதயத்துக்கு ரத்தப் பரிசோதனை: எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, எண்ணை எப்படிப் படிப்பது

முதலில், காசை வீணாக்கும் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறோம். சேலத்தில் தெருவுக்கு நாலு லேப் இருக்கிறது. இதயத்தின் மேல் சுமை ஏறியிருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம் என்டி-புரோபிஎன்பி. மனிதர்களுக்குச் செய்கிற அந்தப் பரிசோதனைக்கு அங்கே நாயின் ரத்தத்தைக் கொடுத்தாலும் கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். பெரும்பாலும் அது மிகக் குறைவாக இருக்கும். பார்த்தவர் "நாய்க்கு இதயத்தில் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இந்தப் புரதத்தின் அமைப்பு மனிதருக்கு வேறு, நாய்க்கு வேறு. மனிதருக்கான கிட்டில் இருக்கும் ஆன்டிபாடி நாயின் புரதத்தை அடையாளமே காணாது. நாய்க்கென்று செய்த கிட்டில்தான் பார்க்க வேண்டும். பூனைக்கென்று வரும் உடனடி கிட்டும் நாய்க்கு ஆகாது.

ரிப்போர்ட்டின் அலகைப் பார்த்தாலே ஓரளவு பிடித்துவிடலாம். நாய்க்கான என்டி-புரோபிஎன்பி வழக்கமாக பிகோமோல்/லிட்டர் என்று வரும். பிகோகிராம்/மில்லி என்று இருந்தால், எந்தக் கிட் என்று லேபில் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் இன்னொரு புரதமான ட்ரோபோனின்-ஐ விஷயம் நேர் எதிர். அது மனிதருக்கும் நாய்க்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அதனால் மனிதர்களுக்கான நல்ல கருவிகள் பலவற்றில் நாயின் ட்ரோபோனினையும் பார்க்கலாம். ஆனால் கருவிக்குக் கருவி எண் மாறும். ஒரு லேபில் எடுத்ததை இன்னொரு லேபில் எடுத்ததோடு ஒப்பிடக்கூடாது.

இரண்டும் சொல்வது வேறு வேறு

மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. கரை எங்காவது உடைகிறதா என்பது வேறு கேள்வி. என்டி-புரோபிஎன்பி முதல் கேள்விக்கான பதில். இதய அறையில் ரத்தம் மிஞ்சித் தேங்கி, சுவர் இழுபடும்போது தசைச் செல்கள் புரோபிஎன்பி என்ற புரதத்தை விடுகின்றன. அது இரண்டாக உடைகிறது. வேலை செய்யும் பாதியான பிஎன்பி, நாயின் ரத்தத்தில் சில நிமிடங்களில் கரைந்துபோகும். வேலையில்லாத மறு பாதி நின்று நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். என்டி-புரோபிஎன்பி என்று அளப்பது அதைத்தான்.

ட்ரோபோனின் இதயத் தசைச் செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய புரதம். செல் அடிபட்டால்தான் வெளியே கசியும். எதனால் அடிபட்டது என்று அது சொல்லாது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், பாம்புக்கடியாக இருக்கலாம், வெயிலில் சுருண்டு விழுந்ததாகவும் இருக்கலாம்.

எந்த நாய்க்கு எடுக்க வேண்டும்

வயதான நாய்களுக்கு வரும் இதய நோயில் பெரும்பங்கு, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மிட்ரல் வால்வு தடித்துச் சுருண்டு ஒழுகுவது. ஸ்பிட்ஸ், பொமரேனியன், டாஷ்ஹண்ட் போன்ற சின்ன இனங்களில் இது அதிகம். இந்த நோயில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் மர்மர் சத்தம்தான் முதலில் வரும்; எண் ஏறுவது அப்புறம். எனவே மர்மரே இல்லாத, நன்றாக ஓடியாடுகிற 9 வயது ஸ்பிட்ஸுக்கு 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று என்டி-புரோபிஎன்பி எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் போதும்.

எடுத்தால் உபயோகமான இடங்கள் இவை. மர்மர் இருக்கிறது, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வெகுதூரம் போக வேண்டும், அவசரமாகப் போக வேண்டுமா பொறுக்கலாமா என்று தெரிய வேண்டும்: இது ஏற்காட்டு எஸ்டேட் நாய்களுக்கு அடிக்கடி எழும் கேள்வி. இரண்டாவது, இருமலோ மூச்சு வாங்குவதோ இருக்கிறது, அது இதயமா நுரையீரலா என்று பிரிக்க வேண்டும். மூன்றாவது, மர்மர் உள்ள கிழட்டு நாய்க்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நாலாவது டோபர்மேன். அதற்குத் தனியாக வருகிறோம்.

இருமல் என்றதும் இதயம் என்று ஓட வேண்டாம். கழுத்துப் பட்டையை இழுத்தால், தண்ணீர் குடித்தால், ஆள் வந்த சந்தோஷத்தில் குதித்தால் வாத்து கத்துவது போல இருமுகிற ஸ்பிட்ஸுக்குப் பெரும்பாலும் மூச்சுக்குழல் தளர்ந்து அமுங்குகிற பிரச்சினை. குரைப்பின் குரலே மாறி, மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிற வயதான லாப்ரடாருக்குக் குரல்வளை செயலிழந்திருக்கலாம். இந்த இரண்டிலும் இதயம் நன்றாக இருந்தால் என்டி-புரோபிஎன்பி தாழ்ந்தே நிற்கும். இப்படி 'இதயம் அல்ல' என்று தள்ளிவிடுவதற்குத்தான் இந்தப் பரிசோதனை கெட்டி. 'இதயம்தான்' என்று அடித்துச் சொல்வதற்கு அவ்வளவு கெட்டி இல்லை.

ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் கையில் பணம் இருக்கிறது, நாய்க்கு மூச்சு வாங்குகிறது என்றால் எங்கள் ஓட்டு நெஞ்சு எக்ஸ்ரேவுக்குத்தான். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று அது நேரடியாகக் காட்டும். ரிப்போர்ட்டுக்காக நாலு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

நாக்கு நீலம் பாரித்து, முழங்கையை அகட்டி நின்று மூச்சுக்குத் திணறும் நாயைப் பிடித்து அமுக்கி ரத்தம் எடுக்கவே கூடாது. ஆக்சிஜனும், தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் ஃப்யூரோசமைடு ஊசியும் முதலில். நாய் தெளிந்தபின் அன்றைக்கே ரத்தம் எடுக்கலாம். ஒரு ஊசியில், ஓரிரு மணி நேரத்தில் இந்த எண் சட்டென்று இறங்கிவிடாது.

ரத்தம் எடுப்பது

இந்தப் பரிசோதனை கெட்டுப்போவது கருவியில் இல்லை, குழாயில்தான்.

நாய் 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கட்டும். தண்ணீர் கொடுக்கலாம். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வழியில் வாந்தி எடுத்து, கிளினிக்கில் மற்ற நாய்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும் நாயை உடனே மேஜையில் ஏற்றாதீர்கள். அரை மணி நேரம் மின்விசிறிக்கடியில் படுக்க விடுங்கள்.

முன்னங்கால் நரம்பு போதும். 22 கேஜ் ஊசி, 3 மில்லி சிரிஞ்ச். பிஸ்டனை மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். கழுத்து நரம்பில் ரத்தம் சீக்கிரம் வரும், ஆனால் மூச்சு வாங்கும் நாயின் தலையை அண்ணாந்து பிடிப்பது ஆபத்து. எடுத்தபின் ஊசியைக் கழற்றிவிட்டு, ஊதா மூடி போட்ட இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயின் சுவரோரமாக ரத்தத்தை வழிய விடுங்கள். ஊசியோடு பீய்ச்சி அடிக்க வேண்டாம். குழாயில் கோடு போட்டிருக்கும் அளவுக்கு நிரப்ப வேண்டும். பாதிதான் நிரப்பினால் மருந்து அதிகமாகிவிடும். வழிய நிரப்பினால் உள்ளே கட்டி விழும். மூடிவிட்டு 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக்கூடாது.

அரை மணி, மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் போட வேண்டும். சாதாரண மேஜைக் கருவி என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று, 10 நிமிடம். எடுத்துப் பார்த்தால் அடியில் சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு, மேலே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளநீர் போலவோ வெளிர் வைக்கோல் நிறமாகவோ தெளிவாக இருந்தால் நல்ல மாதிரி. ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. மோர் போலக் கலங்கியிருந்தால் வீட்டில் யாரோ காலையில் பால் ஊற்றியிருக்கிறார்கள். கேட்டால் "ஒரு வாய்தான்" என்பார்கள். இரண்டிலும் மறுபடி எடுப்பதே நல்லது.

மேலே இருக்கும் பிளாஸ்மாவை, வெள்ளைக் கோட்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலேயே நிறுத்தி உறிஞ்சி, மருந்து எதுவும் இல்லாத வெறும் குழாய்க்கு மாற்றுங்கள். அரை முதல் 1 மில்லி கிடைத்தால் போதும். குழாயில் நாயின் பெயர், உரிமையாளர் பெயர், தேதி, நேரம், 'இடிடிஏ பிளாஸ்மா' என்ற குறிப்பு. கடைசிக் குறிப்பு இல்லாவிட்டால், வெறும் குழாயைப் பார்த்து லேபில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) என்று எடுத்துக்கொள்வார்கள். ட்ரோபோனினும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் அதற்கு சீரமா, ஹெபரின் என்ற இன்னொரு உறைதடுப்பு மருந்துக் குழாயில் எடுத்த பிளாஸ்மாவா என்று முன்பே லேபில் கேட்டு வேறு குழாயில் எடுங்கள். சில கருவிகளில் இடிடிஏ ட்ரோபோனின் எண்ணைக் குழப்பும்.

வெயிலும் பயணமும்

அக்னி நட்சத்திரத்தில் சேலத்து மத்தியானம் பைக் பெட்டிக்குள் வைத்த குழாய் எந்தக் கதியில் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் இந்தப் புரதம் சிதையும். சிதைந்தால் எண் குறையும், அதாவது நோயுள்ள நாய் நன்றாக இருப்பதாகக் காட்டும். தவறால் எண் ஏறினால் வீண் பயம்தான் வரும். இதில் வீண் நிம்மதி வரும். அதனால் இது மோசமான தவறு.

பிரித்த பிளாஸ்மாவை உடனே ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். அனுப்பும்போது தெர்மக்கோல் பெட்டி, இரண்டு பக்கமும் ஐஸ் ஜெல். மறுநாள் லேப் போய்ச் சேராது என்றால் பிளாஸ்மாவை உறைய வைத்து அனுப்பலாம். பிரிக்காத முழு ரத்தத்தை மட்டும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், எல்லாச் செல்லும் உடைந்து ஒன்றுக்கும் ஆகாமல் போகும். மாதிரி வெளியூர் போவதாக இருந்தால் திங்கள் முதல் புதன் வரை எடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தால் ஞாயிறு முழுக்கக் கூரியர் குடோனில் கிடக்கும்.

ஏற்காட்டு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கம் இருப்பவர்கள் மேலேயே ரத்தம் எடுத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதை விட்டுவிடலாம். பிரிக்காத ரத்தம் வளைவுக்கு வளைவு ஆடி இறங்குவதற்குள் பாதி உடைந்துவிடும். மேலே சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் பிரித்து அனுப்புங்கள், இல்லையென்றால் நாயைச் சேலத்துக்கே கூட்டி வந்துவிடுங்கள். கிளினிக்கிலேயே வைத்துப் பார்க்கும் நாய்க்கான சிறு கருவி எங்காவது இருந்தால் இந்தப் பயணத் தொல்லையே இல்லை.

எண்ணைப் படிப்பது

மூச்சுத் தொந்தரவு இருக்கும் நாயில் என்டி-புரோபிஎன்பி 900 பிகோமோல்/லிட்டருக்குக் கீழே இருந்தால், அந்தத் தொந்தரவுக்கு இதயம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. 1,800க்கு மேல் இருந்தால் இதயச் செயலிழப்பால்தான் மூச்சு வாங்குகிறது என்பதற்கு வாய்ப்பு அதிகம். 900 முதல் 1,800 வரை உள்ளது இரண்டுங்கெட்டான் இடம். எக்ஸ்ரேயோ எக்கோவோ இல்லாமல் இங்கே முடிவெடுக்க முடியாது.

தொந்தரவு எதுவும் இல்லாமல் மர்மர் மட்டும் உள்ள சின்ன இன நாயில், 1,500ஐத் தாண்டினால் எக்கோவைத் தள்ளிப்போட வேண்டாம். வரும் மாதங்களிலேயே இதயச் செயலிழப்பு வரும் ஆபத்து அந்த நாய்க்குக் கூடுதல்.

இந்த எல்லைகள் கல்லில் வெட்டியவை அல்ல. ஆரோக்கியமான லாப்ரடாருக்கே இந்த எண் சற்றுக் கூடுதலாக இருக்கும், டாஷ்ஹண்டுக்குக் குறைவாக இருக்கும். ஒரே 900, டாஷ்ஹண்டில் யோசிக்க வைக்கும். லாப்ரடாரில் அவ்வளவு அல்ல. கிரேஹவுண்டுக்கு என்டி-புரோபிஎன்பி, ட்ரோபோனின் இரண்டுமே இயல்பாகவே உயர்ந்து நிற்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். எல்லைக் கோடுகள் மேலைநாட்டு இனங்களை வைத்து வரைந்தவை. வேட்டை நாய்க்கு நல்ல வயதில், ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் அதோடு அதையே ஒப்பிடலாம்.

எண்ணை ஏற்றிக் காட்டும் வேறு காரணங்களில் முதலிடம் சிறுநீரகத்துக்கு. என்டி-புரோபிஎன்பி வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் ஏறியிருக்கும் கிழட்டு நாயில், இதயம் நன்றாக இருந்தாலும் என்டி-புரோபிஎன்பி எல்லையைத் தாண்டும். எனவே கிரியாட்டினின் பார்க்காமல் இதை மட்டும் எடுப்பது அரைகுறை வேலை. அதே ரத்தத்தில் முழு ரத்த எண்ணிக்கையும் பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் கஃப் கட்டிப் பாருங்கள். அமைதியாக இருக்கும் நாயில் மேல் அழுத்தம் திரும்பத் திரும்ப 160க்கு மேல் இருந்தால் அதுவும் எண்ணை ஏற்றும். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் அப்படியே.

ட்ரோபோனின் பெரும்பாலான நல்ல நாய்களில் 0.1 நானோகிராம்/மில்லிக்குக் கீழேதான் இருக்கும். வயதாக ஆகச் சற்று ஏறும். மனிதருக்கான புதுக் கருவிகள் நானோகிராம்/லிட்டரில் எண் தரும். 1 நானோகிராம்/மில்லி என்பது 1,000 நானோகிராம்/லிட்டர். இதைக் கவனிக்காமல் '220' என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவது உண்டு, அது 0.22தான். நம் ஊரில் ட்ரோபோனின் ஏறியிருந்தால் உண்ணியைத் தேடாமல் இதயத்தைக் குறை சொல்லாதீர்கள். காது மடல், விரலிடுக்கு எல்லாம் விரித்துப் பாருங்கள்; உண்ணி பரப்பும் கிருமிகளான பபீசியா, எர்லிக்கியாவுக்கு ரத்தத் தடவல் பாருங்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் கணக்கில் வர வேண்டும். கர்ப்பப்பையில் சீழ், வயிறு முறுக்கிக்கொள்வது, வெயில் தாக்கு இவற்றிலும் ஏறும். காரணம் சரியானால் எண்ணும் இறங்கும். இறங்காமல் நின்றால்தான் இதயத்தைத் துருவ வேண்டும்.

இன்னொரு பொறி: இதயத்தைச் சுற்றிய பையில் நீர் கோத்துக்கொண்ட நாய். சுருண்டு கிடக்கும், ஈறு வெளுத்திருக்கும், ஆனால் என்டி-புரோபிஎன்பி பெரிதாக ஏறாமலே இருக்கலாம். வெளியே அழுத்தம் இருப்பதால் சுவர் இழுபட இடமில்லை. வயதான லாப்ரடார் திடீரென்று மயங்கி விழுந்தால் ரத்தத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் ஸ்கேன் வைத்துப் பாருங்கள்.

டோபர்மேன்

இதற்குக் கணக்கே தனி. வால்வு நோயில்லை, இதயத் தசையே தளர்ந்து விரிந்துபோகும் நோய். மர்மர் இல்லாமலே, வெளியே ஒன்றும் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வளரும். முதல் அறிகுறியே திடீர்ச் சாவாக இருப்பதும் உண்டு. 3 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இங்கே 900 வரை காத்திருக்கக் கூடாது. என்டி-புரோபிஎன்பி 500ஐயோ ட்ரோபோனின் 0.22ஐயோ தாண்டினாலே எக்கோவும், இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டரும் தேவை.

எண் தாழ்ந்திருந்தாலும் டோபர்மேனை விட்டுவிட முடியாது. நோய் துடிப்புக் கோளாறாக மட்டும் இருக்கும் கட்டத்தில் அறை விரிந்திருக்காது, என்டி-புரோபிஎன்பியும் ஏறாது. ஹோல்டரில் 24 மணி நேரத்தில் 300க்கு மேல் கீழறைத் துடிப்புகள் முந்திக்கொண்டு வந்தால் நோய் இருக்கிறது என்று கொள்ள வேண்டியதுதான்.

ரிப்போர்ட் வந்த பிறகு

எண்ணை மட்டும் பார்த்து பிமோபென்டான் என்ற இதய மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள். வால்வு நோயில் அந்த மாத்திரை பயன்படுவது இதயம் பெரிதான பிறகுதான். 2016இல் வெளியான எபிக் ஆய்வில், இதயம் பெரிதாகி இன்னும் தொந்தரவு தொடங்காத நாய்களுக்கு இதைக் கொடுத்தபோது இதயச் செயலிழப்பு வருவது சராசரியாக 15 மாதம் தள்ளிப்போனது. பெரிதாகாத இதயத்துக்கு அப்படிப் பலன் காட்டப்படவில்லை. பெரிதாகிவிட்டதா என்பதை எக்கோ சொல்ல வேண்டும்: இடது மேலறைக்கும் மகாதமனிக்கும் உள்ள விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல், கூடவே இடது கீழறையும் விரிந்திருப்பது. எக்கோவுக்கு வழியே இல்லை என்றால் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இதயத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து எத்தனை முதுகெலும்புக் கண்ணி நீளம் என்ற கணக்கில் இதய அளவு 11.5ஐ எட்டினால் அதை வைத்து முடிவெடுக்கலாம். பக், லாப்ரடார் இனங்களில் நல்ல இதயமே 10.5க்கு மேல் காட்டும், ஏமாற வேண்டாம்.

மாத்திரை என்று முடிவானால் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது. அளவை உங்கள் டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும். உப்பு மிகுந்த தட்டுவடை செட்டும் கருவாடும் இனிமேல் நாய்க்குக் கிடையாது.

மறுபடி எடுக்கும்போது அதே லேப், அதே முறை, முடிந்தவரை அதே நேரம். 1,100 இருந்தது 1,300 ஆகிவிட்டது என்று கலங்க வேண்டாம். ஒரே நாயில் வாரத்துக்கு வாரம் அவ்வளவு ஆடும். முன்பிருந்த எண்ணில் பாதி அளவு கூடினாலோ, அதைவிட ஏறினாலோதான் இதயம் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு ரிப்போர்ட்டுக்கு நடுவில் வீட்டிலேயே பார்க்க வேண்டியது தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை. பகலில் எண்ணினால் சேலத்து வெக்கைக்கு எல்லா நாயும் இளைக்கும், அது கணக்கில்லை. ராத்திரி, வீடு அடங்கியபின், நாய் ஆழ்ந்து தூங்கும்போது எண்ணுங்கள். கால் துடித்துக் கனவு கண்டுகொண்டிருந்தால் அது முடியட்டும். விலா எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நன்றாக இருக்கும் நாய்க்கு 25க்குள் இருக்கும். அடுத்தடுத்து 30க்கு மேல் வந்தால் மறுநாளே டாக்டர். 40ஐத் தாண்டினால் அந்த ராத்திரியே.

எக்கோவுக்காக நாமக்கல் அல்லது தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் முதலில் போன் செய்து, இதயப் பரிசோதனை எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மூச்சு எண்ணிக்கை எழுதிய காலண்டர் தாள், எல்லா ரத்த ரிப்போர்ட்டின் நகலும், கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். காலை மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டியதில்லை. எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.